தொடாமலே விழுந்தேன், அது பொய்யா டாக்டர்?

மும்பை சயான் கோலிவாடாவிலிருந்து ஒரு வாசகி நீளமாக எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களையும் மாற்றிவிட்டேன். வயது 34, அந்தேரியில் ஒரு அலுவலகத்தில் வேலை, பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கேதான். மூன்று வருடத்துக்கு முன் இரவு வேலை முடிந்து வரும்போது ரயில் நிலைய நடைமேம்பாலத்தில் ஒருவன் பின்னாலிருந்து பிடித்து இழுத்திருக்கிறான். ஆட்கள் வந்ததால் தப்பித்தார். ஆனால் அதற்குப் பிறகு மாதக்கணக்கில் தனியாக ரயில் ஏற முடியவில்லை. அந்தச் சமயத்தில்தான் தெரிந்தவர் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மொட்டைமாடியில் நடக்கும் வர்மக்கலை வகுப்பில் சேர்ந்தார்.

ஆசான் அறுபதைத் தாண்டியவர், கன்னியாகுமரிப் பக்கத்துக்காரர், மாணவர்களைப் பிள்ளைகள் போல நடத்துபவர். முதல் வருடம் சிலம்பம், காலடி வரிசை, அடிமுறை, உருண்டு விழுவது என்று போயிருக்கிறது. பிறகு உள்மூச்சுப் பயிற்சி, அதற்கும் பிறகு நோக்கு வர்மம், அதாவது தொடாமல் பார்வையாலேயே ஆளை வீழ்த்துவதாகச் சொல்லப்படும் வித்தை. இங்கேதான் கடிதத்தின் உயிர் இருக்கிறது, அவர் வார்த்தையிலேயே தருகிறேன்: “அவர் என்னைத் தொடவே இல்லை டாக்டர். நாலடி தள்ளி நின்று கையை நீட்டினார். விரல் நுனியெல்லாம் கரண்ட் மாதிரி ஊர்ந்தது, உதடு மரத்துப்போனது, கால் தானாக மடங்கி விழுந்துவிட்டேன். சத்தியமாக நான் நடிக்கவில்லை.” அவருடைய தம்பி ஒருநாள் வந்து எதிரே நின்றபோது எதுவும் நடக்கவில்லை. நம்பிக்கை இல்லாத உடம்புக்குள் சக்தி இறங்காது என்று ஆசான் சொல்லிவிட்டார். வகுப்பில் கழுத்தில் தட்டி மயங்கவைப்பதும், முதுகில் தட்டி எழுப்புவதும் நடக்கிறது. இப்போது உயர்நிலைத் தீட்சைக்கு 60,000 ரூபாய் கேட்கிறார்கள், அது முடிந்தால் கல்லூரிப் பெண்கள் பதினைந்து பேருக்கு இவரே பயிற்சி கொடுக்கலாமாம். இதற்கிடையில் சர்க்கரை நோயாளியான அம்மாவுக்கு ஆசான் கைவைத்துச் சக்தி கொடுக்க, அம்மா லேசாக உணர்ந்து இரவு இன்சுலினை நிறுத்திவிட்டார்.

வாசகி கேட்பது மூன்று. நான் என்னையே ஏமாற்றிக்கொண்டேனா? அந்தப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாமா? தம்பி போலீஸுக்குப் போகலாம் என்கிறான், ஆனால் எனக்கு மறுவாழ்வு கொடுத்தவர் அவர், ஏமாற்றுக்காரர் என்று எப்படிச் சொல்வேன்?

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது, மன்னிக்க வேண்டும்.

முதலில் அம்மாவின் ஊசி

மீதிப் பதிலை அப்புறம் படித்துக்கொள்ளலாம். இப்போதே அம்மாவுக்கு விரலில் குத்திச் சர்க்கரை பாருங்கள். இன்சுலின் எழுதிக்கொடுத்த டாக்டரிடம் இன்றைக்கே, போனிலாவது பேசுங்கள், எத்தனை நாளாக இரவு ஊசி போடவில்லை என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். விட்டுப்போனதைச் சேர்த்து இரட்டிப்பாகப் போட்டுவிட வேண்டாம், எந்த அளவில் மறுபடி தொடங்குவது என்பதை அவர் சொல்லட்டும். அடங்காத தாகம், வாந்தி, வயிற்று வலி, வேகமான ஆழ்ந்த மூச்சு, குழப்பமான பேச்சு, இதில் எது தெரிந்தாலும் யோசிக்காமல் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள், சயான் மருத்துவமனை உங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

அம்மா லேசாக உணர்ந்தது பொய் இல்லை. வயதான ஒரு பெண்ணிடம் அரை மணி நேரம் ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து, தமிழில் அன்பாகப் பேசி, தலையில் கை வைத்தால் மனசு லேசாகத்தான் செய்யும், நாங்கள் டாக்டர்கள் பலர் அந்த நேரத்தைக் கொடுப்பதில்லை என்பதும் உண்மை. ஆனால் சர்க்கரை ஏறியிருப்பது பல நாள் உடம்புக்குத் தெரியாமலே இருக்கும். லேசாக இருக்கிறது என்பதை வைத்து அளவு சொல்ல முடியாது. எச்பிஏ1சி என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி அதில் தெரிந்துவிடும். ஆசானிடம் வாதம் செய்ய வேண்டியதே இல்லை, அந்தத் தாளை அம்மாவிடம் காட்டினால் போதும்.

நீங்கள் நடிக்கவில்லை

சரி, இனி உங்கள் கேள்வி. நீங்கள் நடித்தீர்கள் என்று யார் சொன்னாலும் அது தவறு. நீங்கள் நிஜமாகவே விழுந்தீர்கள், ஊர்ந்த கரண்ட்டும் நிஜம், மரத்த உதடும் நிஜம். ஆனால் அதை உண்டாக்கியது அவர் கையிலிருந்து கிளம்பிய ஏதோ ஒன்று என்ற முடிவு மட்டும் சரியில்லை.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. நோக்கு வர்மத்துக்கு முன் பத்து நிமிடம் வேகமாக, ஆழமாக உள்மூச்சு வெளிமூச்சு பயிற்சி நடக்கும் என்கிறீர்கள். உடம்புக்குத் தேவை இல்லாதபோது அப்படி மூச்சு விட்டால் ரத்தத்திலுள்ள கரியமில வாயு குறைந்துபோகும். அது குறைந்தால் இரண்டு காரியம் நடக்கிறது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, அதனால் தலை சுற்றும், கால் பஞ்சு மாதிரி ஆகும், கண் முன்னால் இருப்பது விலகிப்போன மாதிரி இருக்கும். இன்னொரு பக்கம் ரத்தத்தின் காரத்தன்மை கூடி, நரம்புகள் பயன்படுத்தக்கூடிய கால்சியத்தின் அளவு இறங்குகிறது, நரம்பு முனைகள் தாமாகவே துடிக்க ஆரம்பிக்கின்றன. அதனால் எங்கே ஊரும்? விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும்தான். நீங்கள் எழுதிய அதே இரண்டு இடம். பதற்ற நோயால் மூச்சு வாங்கிக்கொண்டு என்னிடம் வருபவர்கள் பலர் இதையே கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில் சொல்வார்கள், அவர்கள் எந்த ஆசானையும் பார்த்ததில்லை.

அந்த நிலையில் நிற்கும் உடம்பைச் சாய்க்கப் பெரிதாக எதுவும் தேவையில்லை, இப்போது விழப்போகிறோம் என்ற எதிர்பார்ப்பே போதும். கண்ணை மூடி நிற்பவரிடம் ‘நீங்கள் சாய்கிறீர்கள், இன்னும் சாய்கிறீர்கள்’ என்று அமைதியாகச் சொல்லிக்கொண்டே இருந்தால் பலருக்கு உடம்பு தன்னை அறியாமல் ஆடும். அமெரிக்க உளவியலாளர் கிளார்க் ஹல் 1930களில் அந்த ஆட்டத்தைக் கருவி வைத்தே அளந்தார். எண்ணம் சின்னச் சின்னத் தசை அசைவுகளாக மாறுகிறது, அசைத்தது நான்தான் என்ற உணர்வு மட்டும் வருவதில்லை. உங்கள் விஷயத்தில் அதற்கு மேல் ஒரு வருடப் பழக்கமும் சேர்ந்திருக்கிறது. காயம் படாமல் உருண்டு விழ உடம்பு கற்றுக்கொண்டுவிட்டது, விழுவதற்கு அதற்குத் தயக்கமே இல்லை. முன்னால் நின்ற ஆறு பேரும் வரிசையாக விழுவதைப் பார்த்துவிட்டு ஏழாவதாக நிற்கிறீர்கள். பக்கத்தில் இருப்பவர் கொட்டாவி விட்டால் நமக்கும் வருகிறதே, அதில் யாராவது நடிக்கிறார்களா?

இப்படி நேர்மையாக விழுந்தவர்களில் நீங்கள் முதல் ஆள் இல்லை. 1784-ல் பாரிஸில் மெஸ்மர் என்ற மருத்துவரின் ‘உயிர்க்காந்த சக்தி’ ஊரையே ஆட்டிக்கொண்டிருந்தது. தொட்டாலோ கையை வீசினாலோ ஆட்கள் மயங்கி விழுந்தார்கள், நோய் தீர்ந்தது என்றார்கள். பதினாறாம் லூயி மன்னர் ஒரு குழு போட்டார், பெஞ்சமின் பிராங்க்ளின், வேதியியலாளர் லவாய்சியர் எல்லாம் அதில் இருந்தார்கள். பிராங்க்ளின் வீட்டுத் தோட்டத்தில் ஓர் ஆப்ரிகாட் மரத்துக்கு, மெஸ்மரின் சீடரான டெஸ்லோன் சக்தியேற்றினார். சக்தி எளிதில் பாயும் உடம்பு என்று அவரே தேர்ந்தெடுத்த, சுமார் 12 வயதுப் பையன் ஒருவனைக் கண்ணைக் கட்டி மரம் மரமாகக் கூட்டிப்போனார்கள். முதல் மரத்திலேயே வியர்த்தது, அடுத்ததில் தலை சுற்றியது, நான்காவது மரத்தில் மயங்கியே விழுந்தான். அந்த நான்கில் ஒன்றுகூடச் சக்தியேற்றிய மரம் இல்லை, அது இருபது அடிக்கு மேல் தள்ளி நின்றது. அந்தப் பையன் பொய் சொன்னான் என்று நான் நினைக்கவில்லை. எந்த மரத்தில் சக்தி இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியாது, எங்கோ இருக்கிறது என்று மட்டும் நம்பினான், அவன் உடம்புக்கு அது போதுமானதாக இருந்தது.

தம்பி ஏன் விழவில்லை

தம்பி மூச்சுப் பயிற்சி செய்யவில்லை, விழுந்து பழகவில்லை, விழ வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் அவரிடம் இல்லை. அவ்வளவுதான். நம்பாத உடம்பில் சக்தி இறங்காது என்ற பதிலை உலகம் முழுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஜார்ஜ் டில்மன் என்ற அமெரிக்க கராத்தே ஆசிரியர் தொடாமலே ஆளை வீழ்த்துவதாகச் சொல்லி வந்தார், அவருடைய மாணவர்கள் விழுந்தார்கள். தொலைக்காட்சிக் குழு கொண்டுவந்த வெளியாள் விழவில்லை. அப்போது அவர் சொன்ன காரணம், அந்த ஆளின் நாக்கு வாய்க்குள் தவறான இடத்தில் இருந்திருக்கலாம், ஒரு கால் பெருவிரலைத் தூக்கி இன்னொன்றைத் தாழ்த்தி வைத்திருந்தாலும் சக்தி வேலை செய்யாது என்பது.

அப்படியே வைத்துக்கொண்டாலும் உங்களுக்கு ஒரு கேள்வி எழ வேண்டும். நடைமேம்பாலத்தில் கையைப் பிடிப்பவன் உங்கள் ஆசானை நம்புகிறவனாகவா இருப்பான்? நம்பாதவன் மேல் வேலை செய்யாத ஒரு தற்காப்பு, தாக்க வருகிற எவன் மேலும் வேலை செய்யாது. உங்கள் ஆசானே அந்த எல்லையை வாய்விட்டுச் சொல்லிவிட்டார், அதன் அர்த்தம் எவ்வளவு பெரியது என்பது உங்களுக்கு உறைக்க வேண்டும் என்று நான் உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

ஜப்பானில் யானகி ரியூகென் என்ற பெரியவர் கையசைவிலேயே மாணவர் கூட்டத்தைச் சாய்ப்பார். 2006-ல் அவர் ஐந்து லட்சம் யென் பந்தயம் வைத்து, எம்.எம்.ஏ. எனப்படும் கலப்புத் தற்காப்புக் கலை வீரர் ஒருவரைச் சந்தித்தார். கையை நீட்டினார், எதிரே இருந்தவர் சாயவில்லை, சில அடிகளிலேயே பெரியவர் ரத்தம் வழியத் தரையில் கிடந்தார். எனக்கு இதில் மனதை உறுத்துவது அவர் தோற்றது இல்லை. தன்னிடம் எதுவும் கிடையாது என்று தெரிந்த ஆள் பணமும் மானமும் வைத்து அந்த இடத்துக்கு வருவாரா? வருடக்கணக்கில் தினமும் தன் கண் முன்னால் மாணவர்கள் விழுந்ததைப் பார்த்து அவரே நம்பிவிட்டார். அவர்கள் விழுவதால் இவர் நம்புகிறார், இவர் நம்புவதைப் பார்த்து அவர்கள் விழுகிறார்கள். சீனாவில் 2017-ல் ஷு ஷியாவ்தொங் என்ற எம்.எம்.ஏ. வீரர், பெரிய சக்தி இருப்பதாகப் பெயர் வாங்கியிருந்த, தாய்ச்சி என்ற சீனத் தற்காப்புக் கலையின் குரு ஒருவரைச் சில நொடிகளில் தரையில் தள்ளினார். அங்கேயும் கதை இதுதான்.

அதனால் உங்கள் ஆசான் ஏமாற்றுக்காரரா என்ற கேள்விக்கு, கடிதத்தை மட்டும் வைத்து நான் ஆமாம் என்று சொல்ல மாட்டேன். மனதார நம்புகிறவராக இருக்கலாம். ஆனால் மனதார நம்பி ஒருவர் இன்சுலினை நிறுத்தவைத்தாலும் கெடுதல் அதே அளவுதான்.

வர்மத்தில் நிஜமாக இருப்பது

சக்தியைச் சந்தேகப்பட்டால் வர்மக்கலை முழுவதையும் தூக்கி எறிய வேண்டும் என்று பயப்படுகிறீர்கள், தேவையே இல்லை. வர்மம் 108 என்று ஏடுகள் சொல்கின்றன, அடிபட்டால் உயிருக்கே ஆபத்தான படுவர்மம் 12, மற்றவை தொடுவர்மம் 96. தென்திருவிதாங்கூர்ப் பக்கத்து ஆசான்கள் தலைமுறை தலைமுறையாக அடிபட்ட உடம்புகளைப் பார்த்துச் சேர்த்த அறிவு அது. எந்த இடத்தில் அடி விழுந்தால் என்ன ஆகிறது என்று கவனித்திருக்கிறார்கள். அதில் பல இடங்கள் இன்றைய உடற்கூறியலோடு பொருந்துகின்றன: நரம்பு எலும்பை ஒட்டி மேலாக ஓடுகிற இடம், பெரிய ரத்தக் குழாய் தோலுக்குப் பக்கத்தில் வரும் இடம், மூட்டு இணைப்பு. சித்த மருத்துவப் படிப்பில் வர்மம் இன்றும் பாடமாக இருக்கிறது. எந்தப் புள்ளிக்கு எந்த நோய் தீரும் என்று சொல்லப்படுவது எல்லாம் சரியா என்பது தனித்தனியாகச் சோதித்துப் பார்க்க வேண்டிய விஷயம். தொடாமல், பார்வையாலேயே வீழ்த்துவது என்ற பகுதி மட்டும், பாதி பழங்கதையிலும் பாதி சினிமாவிலும் வாழ்கிறது, எச்சரிக்கையான ஒரு சோதனையிலும் நின்றதில்லை.

இன்னொரு பக்கம், தொடுகிற வர்மத்தில் உள்ள உண்மைதான் உங்கள் வகுப்பில் ஆபத்தாகவும் ஆகியிருக்கிறது. கழுத்துப் பக்கவாட்டில், கரோட்டிட் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் ரத்த அழுத்தத்தை அளந்துகொண்டே இருக்கும் நரம்பு முனைகள் உண்டு. அங்கே தட்டினால் அழுத்தம் ஏறிவிட்டது என்று அவை தவறாகப் புரிந்துகொள்ளும், இதயத் துடிப்பு சடாரென்று குறையும், மூளைக்கு ரத்தம் போதாமல் ஆள் சாய்வார். இதில் மர்மம் ஒன்றும் இல்லை. படுத்தவுடன் ரத்தம் மூளைக்குத் திரும்பிவிடும், பெரும்பாலும் அரை நிமிடத்துக்குள் அவரே எழுந்துவிடுவார். முதுகில் தட்டி எழுப்புவதாக நீங்கள் பார்த்தது அந்த அரை நிமிடத்தைத்தான். தட்டாமல் விட்டிருந்தாலும் எழுந்திருப்பார்.

ஆனால் எல்லோரும் எழுந்துவிடுவார்கள் என்று உத்தரவாதம் கிடையாது. கழுத்தில் விழும் அடியால் அந்தத் தமனியின் உட்சுவர் கிழியலாம், கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம், அதுவும் இருபது முப்பது வயதுக்காரர்களுக்கே வரும், சில சமயம் அடிபட்டு நாட்கள் கழித்து வரும். இதயத்துக்கு நேர் மேலே நெஞ்சில் விழும் அடியும் அப்படித்தான். துடிப்பின் ஒரு குறிப்பிட்ட கணத்தில், நொடியில் நூறில் சில பங்கு நேரம்தான் அது, அடி பொருந்திவிட்டால் ஆரோக்கியமான இளைஞனின் இதயம்கூடத் தாளம் தப்பி நின்றுவிடும். அப்போது வேண்டியது உடனே நெஞ்சை அழுத்தும் முதலுதவியும் மின் அதிர்ச்சிக் கருவியும், முதுகில் தட்டுவது உதவாது. கழுத்தில் தட்டவைத்துக்கொள்வதை நீங்கள் இன்றோடு நிறுத்துங்கள், கூடப் பயில்பவர்களுக்கும் சொல்லுங்கள். தட்டு வாங்கிய யாருக்காவது கழுத்து வலியோடு புதுத் தலைவலி, ஒரு பக்க இமை இறங்குவது, பேச்சு குழறுவது, கை கால் பலவீனம் தெரிந்தால் அன்றே மருத்துவமனை.

உங்கள் கையாலேயே சோதித்துப் பார்க்க

என் பேச்சை நம்பி ஒரு நம்பிக்கையை விட வேண்டாம். 1998-ல் எமிலி ரோசா என்ற அமெரிக்கச் சிறுமியின் ஆய்வு, பெரிய மருத்துவ இதழ் ஒன்றில் வந்தது, சோதனையைத் தொடங்கியபோது அவளுக்கு ஒன்பது வயது. தொடாமல் உடம்பின் சக்தி மண்டலத்தை உணர்வதாகச் சொன்ன சிகிச்சையாளர்கள் 21 பேரை, ஓர் அட்டைத் தடுப்பின் ஓட்டை வழியாகக் கைகளை நீட்டச் சொன்னாள். நாணயத்தைச் சுண்டி, விழுந்ததற்கு ஏற்ப அவர்களுடைய ஏதாவது ஒரு கைக்கு மேல் தன் கையைக் கொண்டுபோனாள். எந்தக் கை என்று சொன்னால் போதும். 280 முறையில் 123 முறை சரியாகச் சொன்னார்கள், 44 சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தால்கூடப் பாதி சரியாக வரும்.

இதை மொட்டைமாடியிலேயே செய்யலாம். நீங்கள் முதுகைக் காட்டி, கண்ணைக் கட்டி, காதில் பஞ்சு வைத்து நில்லுங்கள். நடுவில் ஒரு போர்வையைத் தொங்கவிடுங்கள். உங்களுக்குத் தெரியாமல் ஒருவர் நாணயத்தைச் சுண்டட்டும், தலை விழுந்தால் ஆசான் சக்தி செலுத்தட்டும், பூ விழுந்தால் சும்மா நிற்கட்டும். ஒவ்வொரு தடவையும் சக்தி வந்ததா இல்லையா என்று சொல்லுங்கள், இன்னொருவர் குறித்துக்கொள்ளட்டும். அன்று மூச்சுப் பயிற்சி வேண்டாம். இருபது தடவை செய்தால் சும்மா ஊகிப்பவருக்கே பத்து வாக்கில் சரியாக வரும், அதனால் பன்னிரண்டு வந்தால் பரவசப்படாதீர்கள். பதினைந்தோ அதற்கு மேலோ தற்செயலாக வர நூற்றுக்கு இரண்டு வாய்ப்புதான். அப்படி வந்தால் இன்னொரு நாள் மறுபடி செய்யுங்கள், அப்போதும் வந்தால் எனக்கு எழுதுங்கள், நானே வந்து பார்க்கிறேன். ஆசானிடம் இதைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. நம் கோயம்புத்தூரில் வாழ்ந்த பகுத்தறிவாளர் பி. பிரேமானந்த் வாழ்நாள் முழுக்க இப்படித்தான் கேட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போனார். ஆசான் சம்மதிக்காவிட்டால் அதையும் ஒரு விடையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பதினைந்து பெண்கள்

நோக்கு வர்மம் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளராக நீங்கள் போகக் கூடாது, இதில் எனக்குத் துளியும் தயக்கமில்லை. பார்வையால் ஒருவனை நிறுத்த முடியும் என்று நம்பும் இருபது வயதுப் பெண், ஓட வேண்டிய இரண்டு நொடியில் நின்று கையை நீட்டுவாள். அந்த இரண்டு நொடியை அவளிடமிருந்து எடுக்க நமக்கு உரிமை இல்லை.

வேறு ஒன்று நீங்கள் சொல்லிக்கொடுக்கலாம். கனடாவில் சார்லீன் சென் குழுவினர் பல்கலைக்கழக முதலாண்டுப் பெண்கள் 893 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2015-ல் வெளியானது. பாதிப் பேருக்கு மும்மூன்று மணி நேரமாக நான்கு வகுப்பு. ஆபத்தை முன்கூட்டியே அடையாளம் காண்பது, தெரிந்தவனே எல்லை மீறும்போது தயக்கத்தை உடைப்பது, உரக்க மறுப்பது, உடம்பால் எதிர்ப்பது, இவைதான் பாடம். ஒரு வருடத்துக்குள் பாலியல் வல்லுறவுக்கு ஆளானவர்கள் பயிற்சி பெற்றவர்களில் 5.2 சதவீதம், பெறாதவர்களில் 9.8 சதவீதம். கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்திருக்கிறது. எந்தச் சக்தியும் இல்லாமல், மொத்தம் பன்னிரண்டு மணி நேரத்தில். குரல் எழுப்புவது, பிடியை உடைத்து ஓடுவது, ரயிலில் 139, மற்ற இடத்தில் 112 அழைப்பது, இதெல்லாம் ஒத்துழைக்காத, நிஜமாகவே எதிர்க்கும் ஆளை எதிரே நிறுத்திப் பழகினால்தான் கைக்கு வரும். உங்கள் முதல் வருடச் சிலம்பமும் காலடியும் அதற்கு நல்ல அடித்தளம், அதைக் கற்றுக்கொடுத்ததும் அதே ஆசான்தான், அந்த நன்றி உங்களிடம் இருக்கட்டும்.

பணமும் புகாரும்

60,000 ரூபாயைக் கட்டாதீர்கள். ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால் எழுத்தில் திருப்பிக் கேளுங்கள், ஜிபே ரசீது, வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் அழிக்காமல் வையுங்கள். நான் வழக்கறிஞர் இல்லை, பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். கட்டணம் வாங்கி நடத்தும் பயிற்சியில் பொய்யான வாக்குறுதி கொடுத்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம், இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணமும் இல்லை. முதலில் நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து கேட்கலாம். சர்க்கரை நோய் தீரும் என்று நோட்டீஸ் அடிப்பதோ வாட்ஸ்அப்பில் விளம்பரம் செய்வதோ 1954-ன் மந்திரத் தீர்வு விளம்பரத் தடைச் சட்டத்தின் கீழ் வரக்கூடியது. மூடநம்பிக்கை எதிர்ப்பாளர் நரேந்திர தபோல்கர் பல வருடம் போராடி, அவர் 2013 ஆகஸ்டில் புனேயில் கொல்லப்பட்ட பிறகே நிறைவேறிய மகாராஷ்டிராவின் மாந்திரீக ஒழிப்புச் சட்டம், அற்புதம் காட்டிப் பணம் சம்பாதிப்பதையும் மக்களை ஏமாற்றுவதையும் குற்றமாகச் சொல்கிறது, ஆறு மாதம் முதல் ஏழு வருடம் வரை சிறை. உங்கள் ஆசானின் செயல் இதற்குள் வருமா என்பதை ஒரு வழக்கறிஞர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

என் யோசனையைக் கேட்டால், முதல் படி போலீஸ் வேண்டாம். தம்பியையும் கூட்டிக்கொண்டு ஆசானிடம் நேரில் போய் மூன்றை மட்டும் கேளுங்கள்: யாருடைய மருந்திலும் கை வைக்க வேண்டாம், கழுத்திலும் நெஞ்சிலும் தட்டுவதை நிறுத்துங்கள், புதுப் பெண்களுக்கு நோக்கு வர்மத்தைத் தற்காப்பு என்று சொல்ல வேண்டாம். அன்பானவர் என்கிறீர்களே, கேட்கக்கூடும். கேட்காமல் இன்னொருவர் ஊசியை நிறுத்தவைத்தால் அப்போது நன்றியை நினைத்துத் தயங்காமல் புகார் கொடுங்கள்.

கடைசியாக, இந்த நம்பிக்கை போகும்போது பழைய பயம் திரும்பி வரலாம். மேம்பாலத்தில் நெஞ்சு படபடக்கலாம், தூக்கத்தில் அந்தக் காட்சி வரலாம். மூன்று வருடமாகச் சக்தி உங்களைக் காத்தது போல் தோன்றியதற்குள், சிகிச்சையே பெறாத ஓர் அதிர்ச்சி மூடிக் கிடக்கிறது என்று நான் நினைக்கிறேன். அதற்குத் தனியாக, நன்றாகப் பலன் தரும் உளவியல் சிகிச்சை இருக்கிறது, பெரும்பாலும் சில மாத வேலைதான். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலிமானஸ் எண் 14416, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். நேரில் வருவதென்றால் தம்பியை வெளியே உட்காரவைத்துவிட்டு நீங்கள் தனியாக உள்ளே வாருங்கள்.